கேமராவுக்கு எது தரை?

என் தாய்மாமா முப்பத்தொரு வருடம் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். பொள்ளாச்சியில் வண்டியை எடுத்தால் ஆழியாறு. அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு அவரிடமிருந்து ஒரு பழைய கதைகூட வாங்க முடியவில்லை. போனை நீட்டி ஏதாவது சொல்லுங்கள் என்றால், "அதுல என்ன கண்ணு இருக்குது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். ஆனால் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். எந்த வளைவில் யானை வழிமறித்து நின்றது, எந்த மழைக்கு எந்தப் பாறை உருண்டது, பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஏற்றிக்கொண்டு எந்த கியரில் எப்படி இறங்கினார் என்று அடுத்தடுத்து வரும். கண் சாலையில் இருக்கும், கை வேலையில் இருக்கும், நாக்கு தன் போக்கில் பேசும்.

இதை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி. 2002இல் வந்த அவருடைய ‘டென்’ படம் முழுக்க டெஹ்ரான் நகரத்தில் ஓடும் ஒரு காருக்குள் நடக்கிறது. டாஷ்போர்டில் இரண்டு சின்ன டிஜிட்டல் கேமராக்கள். ஒன்று ஓட்டும் பெண்ணைப் பார்க்கிறது, மற்றது பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கிறது. படத்தின் பெரும்பகுதிக்கு அந்த இரண்டு கோணங்களே போதுமாக இருந்தன. எதிரெதிரே உட்காராமல் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற பேச்சு வேறு மாதிரி என்பதை அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1950இல் வெளிவந்த ‘கன் கிரேஸி’ படத்தில் இயக்குநர் ஜோசப் லூயிஸ் ஒரு வங்கிக் கொள்ளை முழுவதையும் காரின் பின்பக்கத்திலிருந்தே ஒரே ஷாட்டாக எடுத்தார். பின்னால் கிரீஸ் தடவிய ஒரு பலகை, அதன்மேல் குதிரைச் சேணம், சேணத்தில் கேமராக்காரர். முன்னே போக வேண்டுமென்றால் பலகையில் வழுக்கிப் போவார். காருக்குள் கேமரா வைக்கும் கலையில் பலகைக்கும் கிரீசுக்கும் எப்போதும் இடம் இருந்திருக்கிறது.

என்னிடம் இருந்தது ஒரு போனும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய காரும். மாமாவின் முகத்தை முக்கால் பக்கமாகப் பிடிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வலப்பக்க ஜன்னலில் பள்ளத்தாக்கு ஓட வேண்டும். இடப்பக்க இருக்கையைக் காலியாக விட்டு, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில் போனை நிறுத்த வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். வெற்றிடக் கப்பும் வளைகிற கழுத்தும் கொண்ட ஸ்டாண்டு ஒன்றை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டினேன். கப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணாடியை இழுத்துப் பிடிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது எதையும் இழுப்பதில்லை. வெளியிலிருக்கும் காற்று அதைத் தள்ளிப் பிடிக்கிறது. நம்மைச் சுற்றிய காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 7 செ.மீ. விட்டமுள்ள கப்பின் பரப்பு 38 சதுர சென்டிமீட்டர். உள்ளேயிருக்கும் காற்று முழுவதையும் எடுத்துவிட முடிந்தால் 38 கிலோ அழுத்தம் கிடைக்கும். முழுவதையும் எடுக்க முடியாது. பாதி கிடைத்தாலும் ஒரு போனுக்கு அது ஏராளம். ஆபத்து எடையில் இல்லை, வெயிலில் இருக்கிறது. மூடிய காரின் டாஷ்போர்டு கோடை வெயிலில் ஒரு மணி நேரத்தில் 70 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும். அந்தச் சூட்டில் கப்பின் ரப்பர் இளகி, விளிம்பு வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்துவிடும். நான் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தபோது போன் தரைவிரிப்பில் கிடந்தது. (முப்பரிமாண அச்சில் எடுத்த ஸ்டாண்டு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே விறைப்பை இழந்துவிடும்.)

ஆனால் விழுவதற்கு முன்பே அந்த ஸ்டாண்டு தோற்றுவிட்டது. பதிவில் மாமாவின் முகம் வயிற்றைக் கலக்குகிற மாதிரி அதிர்ந்தது. ஒட்டுப்போட்ட சாலையில் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒரு நடுக்கம் எழுந்தது. அது அடங்குவதற்குள் அடுத்தது வந்தது.

ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு அடிஸ்கேல் போதுமாக இருந்தது. போனை மாட்டாதபோது கழுத்தின் நுனி எவ்வளவு உயரத்தில் இருந்தது, மாட்டியபின் எவ்வளவு தாழ்ந்தது? 2 மி.மீ. எந்தத் தாங்கியும் ஒரு ஸ்பிரிங்தான். இரும்பானாலும் மரமானாலும் சுமையை வைத்தால் கொஞ்சம் தாழும். தாழ்வு அதிகம் என்றால் ஸ்பிரிங் மென்மை, அதாவது மெதுவாக ஆடும். தாழ்வு குறைவு என்றால் வேகமாக ஆடும். இரண்டையும் இணைக்கும் கணக்கு வியக்கத்தக்க அளவுக்கு எளிது: மில்லிமீட்டரில் தாழ்வை எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 16ஐ வகுத்தால் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும். போனின் எடை எவ்வளவு, கம்பி எந்த உலோகம் என்று எதையும் கேட்கத் தேவையில்லை. எல்லாம் அந்தத் தாழ்விலேயே அடங்கிவிட்டன. 2 மி.மீ.க்கு விடை 11.

இந்த 11தான் வினை. காரின் உடல் தன் ஸ்பிரிங்குகள்மீது வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறைதான் மெல்ல ஏறி இறங்கும். அதைக் கண் பொறுத்துக்கொள்கிறது. சக்கரமும் அச்சும் தனிக்கதை. டயர் ரப்பருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே அவை வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளும். என் கழுத்து ஸ்டாண்டு சரியாக அந்தத் துள்ளலின் தாளத்துக்கு அமைந்திருந்தது. ஊஞ்சலைப் போகிற போக்கில் அதன் தாளம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தையாலும் பெரிய ஆளை உயர ஆட்ட முடியுமே, அது போலச் சக்கரங்கள் என் போனை ஆட்டிக்கொண்டிருந்தன.

இங்கே பெரும்பாலானவர்கள் ஸ்பாஞ்சைத் தேடிப் போவார்கள். நானும் போனேன். கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கோலில் பொதிந்து அனுப்புகிற பழக்கம் நம் கையில் ஊறியது. அதிர்வு என்றால் மெத்தை என்றே மனம் சொல்லும். ஆனால் மென்மை எல்லா அதிர்வையும் தடுக்காது. ஒரு ஸ்பிரிங் தன் சொந்தத் தாளத்தைப்போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் அதிர்வுகளை மட்டுமே குறைக்கும். அதற்குக் கீழே வருபவற்றைக் குறைக்காது. தன் தாளத்துக்குப் பக்கத்தில் வந்தால் பெருக்கித் தரும். காரின் ஒன்றரை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஒன்றரை முறை) அசைவிலிருந்து மெத்தை போட்டுக் காப்பாற்ற வேண்டுமென்றால் தாங்கியின் தாளம் ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்க வேண்டும். நம் கணக்குப்படி அதற்குத் தாழ்வு 25 செ.மீ.! காருக்குள் போனை ஒரு சாண் நீள ரப்பரில் தொங்கவிட முடியாது.

அப்படியே தொங்கவிட்டாலும் அது நமக்கு வேண்டாத படம். ஏன் வேண்டாதது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது.

கேமரா எதைப் பார்த்து அசையாமல் இருக்க வேண்டும்? ‘அசையாமல்’ என்ற சொல் தனியாக நிற்காது. எதைப் பொறுத்து என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. 1632இல் கலிலியோ எழுதிய உரையாடல் நூலில் ஒரு கப்பலின் கீழறைக்குள் நம்மைக் கொண்டுபோகிறார். பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன, குவளைக்குள் மீன் நீந்துகிறது, மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள குடுவையில் விழுகிறது. கப்பல் நின்றாலும் சீரான வேகத்தில் போனாலும் இவற்றில் எந்த மாற்றமும் தெரியாது. அறைக்குள் இருப்பவருக்கு அந்த அறைதான் தரை. என் மாமாவுக்கு அந்தக் கார்தான் தரை. அவரைப் படம்பிடிக்கும் கேமராவுக்கும் அதுவே தரையாக இருக்க வேண்டும். கேமரா காரின் ஒரு உறுப்பாக, சீட்டைப்போல, கதவைப்போல, காரோடு சேர்ந்து ஆடினால் சட்டத்துக்குள் மாமாவும் ஸ்டியரிங்கும் நிலைத்து நிற்பார்கள். ஜன்னலுக்கு வெளியே உலகம் ஆடும். அதுதான் பயணம்போலத் தெரியும். ஆகவே வேண்டியது மெத்தை இல்லை, விறைப்பு. காருக்கும் கேமராவுக்கும் இடையே எந்தத் தனி ஆட்டமும் மிஞ்சக்கூடாது.

இதில் எந்த ஆட்டம் பெரிய குற்றவாளி என்பதையும் பார்த்துவிடலாம். போன் 1 மி.மீ. நகர்ந்தால் 70 செ.மீ. தள்ளி இருக்கும் மாமாவின் முகம் படத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் விலகும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் மரம் ஒரு புள்ளியில் ஐந்திலொரு பங்குகூட விலகாது. ஆனால் போன் ஒரு டிகிரி திரும்பினால்? 1920 புள்ளி அகலப் படத்தில் 60 டிகிரி காட்சி அடங்கியிருக்கிறது என்று வைத்தால், ஒரு டிகிரிக்கு 32 புள்ளிகள். முகம், மரம், மலை எல்லாமே ஒன்றாக 32 புள்ளி குதிக்கும். நகர்வை மன்னிக்கலாம், திரும்பலை மன்னிக்க முடியாது. ஸ்டாண்டு செய்பவர் மில்லிமீட்டரைவிட டிகிரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இரண்டாவது ஸ்டாண்டை நானே செய்தேன். காருக்குள் எது உண்மையில் உறுதியானது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டு வெறும் பிளாஸ்டிக் தோல். தட்டினால் டமாரம்போலச் சத்தம் வருகிறது. இருக்கையின் தலைசாய்மானம் நம்பிக்கை தந்தது. அதைக் கழற்றினால் இரண்டு இரும்புத் தண்டுகள், இருக்கையின் உள்சட்டம்வரை இறங்குபவை. பழைய இரும்புக் கடையில் ஓரங்குல அலுமினியச் சதுரக் குழாய் எடைக்குக் கிடைத்தது. தண்டுகளுக்குக் குறுக்கே ஒரு துண்டு, அதிலிருந்து முன்னால் நீளும் 40 செ.மீ. கை ஒன்று, நுனியில் எந்தப் பக்கமும் திருப்பி இறுக்கக்கூடிய பந்துத் தலை, அதன்மேல் போன். தண்டையும் குழாயையும் ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். வழுக்காமலிருக்க நடுவே பழைய சைக்கிள் டியூபின் துண்டுகள்.

பந்துத் தலையைக் குழாயோடு பிணைக்கும் போல்ட்டில் ஒரு பாடம் இருந்தது. கேமராவின் அடியில் இருக்கும் துளை உலகம் முழுவதும் கால் அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு இருபது மரை என்ற அளவில் வருகிறது. ஐஎஸ்ஓ 1222 என்ற தரமே அதற்கென்று இருக்கிறது. அதாவது 6.35 மி.மீ. கைக்குக் கிடைக்கும் 6 மி.மீ. போல்ட் கண்ணுக்கு அப்படியே இருக்கும். இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு சிக்கும். அதன் மரை இடைவெளி 1 மி.மீ., இதனுடையது 1.27. பலம் கொடுத்துத் திருகினால் கேமராவின் மரை அழிந்துபோகும். ஹார்டுவேர் கடையில் ‘கால் இஞ்சு போல்ட்’ என்று கேட்டால் சரியானது வரும். அது பெரும்பாலும் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841இல் முன்வைத்த மரை. கேமராவில் இருப்பதோ வில்லியம் செல்லர்ஸ் 1864இல் அமெரிக்காவில் முன்வைத்த மரையின் வழி வந்தது. ஒன்றின் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதற்கு 60. ஆனாலும் கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு இருபது என்பதே எண்ணிக்கை, அதனால் ஒன்று மற்றதில் பழுதில்லாமல் ஏறிவிடுகிறது. எங்கள் ஊர்க் கடையில் நான்கு ரூபாய்க்கு வாங்கிய போல்ட்டில் அந்த இருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

புது ஸ்டாண்டைச் சாலைக்குக் கொண்டுபோகும் முன் சோதித்துவிட வேண்டும் என்று தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத சின்னத் திரும்பலைப் பெரிதாக்கிக் காட்ட எளிய கருவி ஒன்று உண்டு, தூரம். இரவு எட்டு மணிக்குக் காரை மதில் சுவருக்கு இணையாக நிறுத்தி, போன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லேசர் பாயிண்டரைக் கட்டினேன். திறந்த ஜன்னல் வழியே சிவப்புப் புள்ளி நான்கு மீட்டர் தள்ளியிருந்த சுவரில் போய் விழுந்தது. முதலில் அதே லேசரைக் காரின் தரையில் வைத்துப் பார்த்தேன்; எஞ்சின் ஓடும்போது புள்ளி 2 மி.மீ. நடுங்கியது. அது காரின் சொந்த நடுக்கம், அதைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு ஸ்டாண்டின் நுனியில் கட்டிவிட்டு எஞ்சினை முடுக்கினேன். புள்ளி மறைந்து, சுவரில் மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு படுக்கைக் கோடு எரிந்தது.

நான்கு மீட்டருக்கு 3 செ.மீ. என்றால் 0.43 டிகிரி. படத்தில் 14 புள்ளிகள். கார் நின்றுகொண்டிருக்கும்போதே இவ்வளவு!

ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் கோடு சுருங்கிப் புள்ளியானது. காலை எடுத்தால் மறுபடியும் நீண்டது. மாமா சுவர்ப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐடில்ல மட்டுந்தான் ஆடுது" என்றார். அவர் சொன்னதை எண்ணாக மாற்ற, ஸ்டாண்டின் கையை ஒரு தட்டு தட்டி, சுவரில் புள்ளி ஆடுவதை வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவில் இன்னொரு போனால் பதிந்தேன். ஒரு முறை போய் வர 12 படங்கள். ஆக வினாடிக்கு 20 ஆட்டம். இப்போது எஞ்சினைப் பாருங்கள். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். மூன்று சிலிண்டருக்குச் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு, நிமிடத்துக்கு 1200, வினாடிக்கு 20. நான் என் கையால் அறுத்து, துளையிட்டு, கட்டி முடித்த ஸ்டாண்டு, சிக்னலில் நிற்கும் எஞ்சினுக்கு இசைவாகச் சுருதி கூட்டப்பட்டிருந்தது.

எப்படி விறைப்பாக்குவது? என் கை தானாகத் தடிமனான குழாயைத் தேடியது. பாடப்புத்தகக் கணக்கும் அந்தப் பக்கமே இழுக்கும். நீளும் கையின் விறைப்பு நீளத்தின் முப்படிக்கு எதிர்விகிதம். பாதியாக வெட்டினால் எட்டு மடங்கு கூடும். தடித்த உருளைக் கம்பியானால் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பதினாறு மடங்கு. மாமா கணக்கு எதுவும் போடவில்லை. கதவைத் திறந்து குனிந்து, ஓடும் எஞ்சினோடு, குழாயை நுனியிலிருந்து அடிவரை விரல்களால் தடவிக்கொண்டே வந்தார். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல அடியில் நிறுத்தினார்.

"கொழா ஆடல கண்ணு. வேருதான் ஆடுது. இங்க தொடு."

தொட்டேன். தலைசாய்மானத் தண்டுகள் இறங்கும் பிளாஸ்டிக் குழல்களுக்குள் மயிரிழை இடைவெளி. தண்டுகள் அதற்குள் குலுங்கிக்கொண்டிருந்தன. குழாய் எத்தனை தடிமனாக இருந்தாலும் ஆகியிருக்கப்போவது ஒன்றுமில்லை. வேர் ஆடினால் மரம் ஆடும்.

"ஒத்தக் கால்ல நிக்கறது ஆடாம என்ன செய்யும். ரெண்டு கால் முன்னால ஊனு" என்றார்.

இருக்கை காரின் தரையில் இரண்டு இரும்புத் தண்டவாளங்களின்மேல் நகர்கிறது. அந்தத் தண்டவாளங்கள் தரைத்தகட்டோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. காருக்குள் எனக்குக் கிடைத்ததில் அவைதான் மிக உறுதியான இடம். கையின் முன்நுனியிலிருந்து இரண்டு அலுமினியக் கால்களை விரித்து இறக்கி, வலது கால் வலது தண்டவாளத்திலும் இடது கால் இடது தண்டவாளத்திலுமாகக் கட்டினோம். இப்போது மூன்று தாங்கல்கள்: பின்னால் தலைசாய்மானம், முன்னால் இரண்டு கால். மூன்று கால் கொண்ட முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் உட்காரும், நான்கு கால் மேசைக்குத்தான் அடியில் காகிதம் மடித்து வைக்க வேண்டியிருக்கும். அதே விதிதான். இன்னொன்றும் நடந்திருக்கிறது. தனியாக நீண்ட கையை ஆட்ட அதை வளைத்தால் போதும். முக்கோணத்தின் உச்சியை ஆட்ட வேண்டுமென்றால் ஒரு காலை அழுத்திச் சுருக்க வேண்டும், மறு காலை இழுத்து நீட்ட வேண்டும். ஒரு குச்சியை வளைப்பது எளிது. நீளவாக்கில் சுருக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு தென்னங்குச்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பல பாலங்களும் மின்கோபுரங்களும் முக்கோணங்களாலேயே கட்டப்படுவது இதனால்தான்.

மறுபடி லேசர். ஐடிலில் சுவரில் புள்ளி. தரையில் வைத்தபோது நடுங்கிய அதே 2 மி.மீ. நடுக்கம். தட்டிப் பார்த்தால் ஒரு ஆட்டம் நான்கு படங்களுக்குள் முடிந்தது, அதாவது வினாடிக்கு 60க்கு மேல். அதே உலுக்கலுக்கு விலகல் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்பதால், மூன்று மடங்கு வேகம் என்பது ஒன்பதில் ஒரு பங்கு ஆட்டம். சைக்கிள் டியூப் துண்டுகளும் தங்கள் பங்கைச் செய்தன. ரப்பர் அமுங்கி விரியும்போது அசைவின் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தின்றுவிடுகிறது. தட்டிய பிறகு புள்ளி சட்டென்று அடங்குவதில் அது தெரிந்தது.

இத்தனை கவலை எதற்கு, பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. உணரியின் வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கிறது. முழுவதையும் படிக்கப் பத்து முதல் முப்பது மில்லிவினாடிவரை ஆகலாம். வினாடிக்கு 20 முறை ஆடும் கேமராவுக்கு ஒரு முழு ஆட்டம் 50 மில்லிவினாடி. மேல் வரியைப் படிக்கும்போது இடது பக்கம் இருந்த கேமரா, கீழ் வரிக்கு வருவதற்குள் வலது பக்கம் போய்விடும். நேரான கதவுச்சட்டம் வாழைப்பழம்போல வளைகிறது. அடுத்த படத்தில் மறுபக்கம் வளைகிறது. அந்த வளைவு படத்துக்குள்ளேயே பதிந்துவிட்டது. பிறகு நிமிர்த்துவது மிகக் கடினம்.

பாதுகாப்பைப் பற்றி எழுதாமல் இந்த வேலையை யாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வராது. போனும் தலையும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைப்போம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் 0.1 வினாடியில் நின்றால், அந்த அரைக் கிலோ 7 கிலோபோல முன்னால் இழுக்கும். பிடி விட்டுவிட்டால் அது 50 கி.மீ. வேகத்தில் பறக்கும்; மூன்று மாடி உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். அதனால் பந்துத் தலையிலிருந்து இருக்கைச் சட்டத்துக்குத் தனியாக ஒரு எஃகுக் கம்பிக் கயிறு கட்டினேன். ஸ்டாண்டு முழுதும் கழன்றாலும் போன் ஒரு சாணுக்கு மேல் போகாது. என் கார் பழையது, இடப்பக்கம் ஏர்பேக் இல்லாதது. ஏர்பேக் உள்ள இருக்கைக்கு முன்னால் இப்படி எதையும் நிறுத்தவே கூடாது. அது சில பத்து மில்லிவினாடிகளில் விரிந்து, வழியில் இருப்பதை எறிந்துவிடும். ஓட்டுபவரின் கண்ணாடிப் பார்வையையும் கியர் கையையும் ஸ்டாண்டின் எந்தப் பகுதியும் தொடக்கூடாது. பதிவு பொத்தானை அமுக்குவது பின்னிருக்கைக்காரரின் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். ஆழியாறு தாண்டி முதல் வளைவின் பலகை வந்ததும் மாமா பேசத் தொடங்கினார். பின்னால் உட்கார்ந்து போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ச்சாலையில் படம் கல்லில் செதுக்கியதுபோல நின்றது. அப்புறம் இரண்டாவது வளைவு. கார் திரும்பத் தொடங்கியதும் மாமாவின் முகம் சட்டத்துக்குள் மெதுவாக ஒரு பக்கமாக நழுவியது. வளைவு முடியும்போது ரப்பரால் இழுத்ததுபோல நடுவுக்குத் திரும்பி வந்தது. மூன்றாவது வளைவில் மறுபக்கம். ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தேன்; அசையவே இல்லை. மாமாவும் இருக்கையில் சாயவில்லை. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தி, ஆழியாறு அணை கீழே தட்டாகத் தெரிய, ஒவ்வொரு நட்டாகச் சோதித்தேன். எல்லாம் இறுக்கம்.

குற்றம் ஸ்டாண்டில் இல்லை. போனுக்குள் இருந்தது.

கை நடுங்கினாலும் படம் நடுங்காமலிருக்க, போனுக்குள் ஒரு நிலைப்படுத்தும் ஏற்பாடு உண்டு. மிகச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று உள்ளே இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. போன் திரும்பினால் அந்தத் துடிப்பு பக்கவாட்டில் லேசாக விலகும். அந்த விலகலிலிருந்து எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதைப் போன் அறிந்து, படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி ஈடுகட்டும். கலிலியோவின் அறைக்குள் சீரான நேர்ப்போக்கைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த அறை திரும்பினால் அறைக்குள்ளிருந்தே கண்டுபிடித்துவிடலாம். 1851இல் லியோன் ஃபூக்கோ பாரிஸில் நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு பூமியே சுழல்வதை ஒரு கட்டடத்துக்குள் காட்டியது இந்த உண்மையை வைத்துத்தான். அடுத்த வருடமே சுழல்சக்கரம் ஒன்றைக் கொண்டு மறுபடியும் காட்டினார். அதன் தொலைதூர வாரிசு என் போனுக்குள் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் கார் 180 டிகிரி திரும்புகிறது. போன் அதைக் கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு, மலையைப் பார்த்து அசையாமல் நிற்க முயன்றது. முடிந்தவரை படத்தை எதிர்த்திசையில் தள்ளியது, ஓரம் வந்ததும் கைவிட்டு நடுவுக்குத் திரும்பியது. எங்கள் அலுமினியக் கால்கள் கேமராவைக் காரோடு கட்டியிருந்தன. சிலிக்கான் துண்டு அதை மலையோடு கட்ட முயன்றுகொண்டிருந்தது. ஒரு கேமராவுக்கு இரண்டு தரைகள்.

அமைப்புகளில் போய் நிலைப்படுத்தலை அணைத்தேன். (லென்ஸையே நகர்த்தி நிலைப்படுத்தும் போன்களுக்கு அதிர்வில் வேறொரு ஆபத்தும் உண்டு. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலத்த அதிர்வில் தொடர்ந்து இருந்தால் கேமராவின் திறன் கெடக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பழைய போனை வைப்பது நல்லது.)

பத்தாவது வளைவிலிருந்து படம் மாறிவிட்டது. வண்டி 20 கி.மீ. வேகத்தில், பத்து மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது எங்களை எங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளுகிறது. பின்னால் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். திரையில் மாமாவின் முகம் அசையவில்லை. காதோரத்து நரை, கழுத்து நரம்பு, ஸ்டியரிங்கில் ஏறி இறங்கும் முழங்கை எல்லாம் அதனதன் இடத்தில். அவருக்குப் பின்னால் ஜன்னல் நிறையப் பாறை ஓடி, வானம் வந்து, வானம் போய், கீழே விட்டு வந்த சாலை ஒரு நூல்போல வந்து மறைந்தது. பதினேழாவது வளைவில் ஒரு மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு, அதன் ஓட்டுநரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவரும் உயர்த்தினார். விட்ட இடத்திலிருந்து கதை தொடர்ந்தது.

வால்பாறையில் டீ குடிக்க நிறுத்தியதும் நான் முதலில் பார்த்தது நட்டுகளை. புறப்படும் முன் ஒவ்வொரு நட்டின்மீதும், அது உட்கார்ந்த உலோகத்தின்மீதும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்திருந்தேன். நட்டு திரும்பினால் கோடு உடையும். போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது என்பது வெகுகாலம் சரியாகப் புரியாமலிருந்தது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் அதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடப் பக்கவாட்டில் வரும் அதிர்வே நட்டைச் சுழற்றி விடுகிறது. இறுக்கிப் பிடித்த பரப்புகள் பக்கவாட்டில் ஒரு கணம் வழுக்கும்போது மரையின் உராய்வும் அந்தக் கணம் பிடியை இழக்கிறது. நட்டு தன் சரிவில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. நாற்பது வளைவுகள் பக்கவாட்டில் தள்ளிய ஒரு ஸ்டாண்டுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை.

ஏழு கோடுகளில் ஆறு நேராக இருந்தன. பந்துத் தலைக்குக் கீழே இருந்த ஒன்று மட்டும் உடைந்திருந்தது. நட்டு கால் சுற்று திரும்பியிருந்தது. அதில் மட்டும்தான் நான் எளிதில் கழலாத நைலாக் நட்டுக்குப் பதிலாக, கையால் திருக வசதி என்று விங் நட்டு போட்டிருந்தேன். மாமா டீ கிளாசைக் கார் பானட்டின்மேல் வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"எறங்கறப்ப பிரேக்குல இன்னும் ஆடும். இத மாத்தீட்டு எறங்கலாம்" என்று சொல்லி, கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க நடந்தார்.